வெறுங்காலில் தொடங்கிய ஓட்டம் – அபேபே பிகிலா

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். நமது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னர் வீதியில் நடத்தப்படும் ஓட்டத்தையும் நாம் மரதன் என்றே அழைக்கிறோம். ஆனால் அது உண்மையான மரதனில் ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியிலேயே மூச்சு வாங்கி, விலா நொந்து, ஏன்தான் பெயர் கொடுத்தோமோ என்று எண்ணியவர்கள் நம்மில் பலர். முழு மரதன் ஓடுகின்றவருக்கு இந்த எண்ணம் ஒரு தடவையோடு போய்விடுவதில்லை. போட்டி நாளில் மட்டுமன்றி, அதற்கு முந்திய பயிற்சி மாதங்களிலும், காயம்பட்டுப் படுத்திருக்கும் நாட்களிலும், தோற்றுத் திரும்பிய வாரங்களிலும் அது வந்து வந்து கதவைத் தட்டும்.

அவ்வாறு தட்டப்பட்ட ஒருவரின் வாழ்க்கையையே இக்கட்டுரை சொல்ல முனைகிறது. அவர் எத்தியோப்பிய நாட்டின் அபேபே பிகிலா. 1960இல் வெறுங்காலுடன் ஓடி ஒலிம்பிக் மரதனை வென்றவர் என்று உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது. அது அவரது கதையின் முதற்பகுதி மட்டுமே. அதன் பின்னர் அவர் சந்தித்த தோல்வி, நோய், காயம், விபத்து ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த மனிதரின் உண்மையான உயரம் தெரிகிறது.

மலைநாட்டுச் சிறுவன்

அபேபே பிறந்தது 1932ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவ்வாண்டு ஒலிம்பிக் மரதன் ஓடப்பட்டதும் அதே நாளில்தான். ஆனால் எத்தியோப்பியாவின் ஷோவா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்த குழந்தைக்கும் அந்த ஓட்டத்துக்கும் ஒரு தொடர்பு ஏற்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது. எத்தியோப்பியா அப்போது ஒலிம்பிக்கில் பங்குபற்றாத நாடு. நாம் சரித்திரத்தில் அபிசீனியா என்று படித்திருக்கும் நாடு அது.

எத்தியோப்பியர்களின் வழக்கப்படி ஒருவரின் சொந்தப் பெயர் முன்னும், தந்தையின் பெயர் பின்னும் வரும். எனவே அவர் பெயர் அபேபே. பிகிலா என்பது தந்தையின் பெயர். தந்தை ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். மகனும் சிறுவயதில் மந்தைகளோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடித் திரிந்தான். கெனா எனப்படும் ஒரு விளையாட்டு அந்த நாட்டுக் கிராமங்களில் உண்டு. கோலால் பந்தை அடித்துக்கொண்டு வெகுதூரம் ஓட வேண்டும். ஹொக்கியைப் போன்றது, ஆனால் மைதானத்தின் எல்லை மிகப் பெரியது. அதில் சிறுவன் அபேபேக்கு மிகுந்த விருப்பம்.

அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, 1935 ஒக்டோபரில் முசோலினியின் இத்தாலியப் படைகள் எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபாவும் வீழ்ந்தது. அபேபேயின் குடும்பம் பாதுகாப்புத் தேடி இன்னும் தொலைவான ஊர் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. 1941இல் நாடு விடுதலை பெறும் வரை அன்னியப் படையின் நிழலிலேயே அவனது குழந்தைப் பருவம் கழிந்தது. இடம்பெயர்வு என்பதை ஏட்டில் அல்லாது வாழ்விலேயே அறிந்த நம் நாட்டு மாணவியருக்கு இதனை அதிகம் விளக்கத் தேவையில்லை.

படைவீரரும் பயிற்றுவிப்பாளரும்

இருபது வயதளவில் அபேபே தலைநகருக்கு வந்தார். பேரரசர் ஹைலே செலாசியின் மெய்காவல் படையில் சேர்ந்தார். படைவீரர் என்ற தொழில் அவருக்குச் சம்பளத்தைத் தந்ததோடு ஒழுங்கையும் தந்தது. அந்நாட்களில் சுலுல்டா மலைப்பகுதியிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தை அவர் ஓடியே வந்து, மீண்டும் ஓடியே திரும்புவார். யாரும் அவருக்கு அப்போது பதக்கம் தருவதாகச் சொல்லவில்லை.

அந்த ஓட்டத்தைக் கவனித்தவர் ஒன்னி நிஸ்கனன். சுவீடனிலிருந்து வந்து மெய்காவல் படையின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு மனிதரிடம் இருக்கும் ஆற்றலை அவரே அறியுமுன் இன்னொருவர் கண்டுகொள்வது ஒரு பெரும் பேறு. அபேபேக்கு அந்தப் பேறு கிடைத்தது. நிஸ்கனன் அவரை நீண்ட தூரம் ஓட விட்டதோடு நிற்கவில்லை. குறிப்பிட்ட தூரத்தை வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மீண்டும் அதே தூரத்தை ஓடும் முறையையும் பழக்கினார். வேகத்தைச் சீராக வைத்திருக்கவும், வலிமையைக் கடைசிவரை சேமிக்கவும் கற்பித்தார்.

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்த நகரம். நமது நுவரெலியாவைவிட உயரமானது. அங்கே காற்று மெல்லியது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய உடல் அதிகமான செங்குருதிக் கலங்களை உண்டாக்கிக்கொள்கிறது. மேட்டில் பழகியவர் தாழ்வான நகருக்கு வந்து ஓடும்போது அது அவருக்குத் துணையாகிறது. ஆயினும் அந்த மலைநாட்டில் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். இயற்கை தந்ததை நாள்தோறும் உழைத்துப் பயன்படுத்தியவர் சிலரே.

1960 மார்ச்சில் அபேபேக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் யெவெப்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அடிஸ் அபாபாவில் நடந்த மரதனை அவர் 2 மணி 21 நிமிடம் 23 செக்கனில் ஓடி முடித்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் புகழ்பெற்ற வீரர் எமில் சாட்டோபெக் 1952இல் நிலைநாட்டிய ஒலிம்பிக் சாதனையைவிட இது வேகமானது. ஆனால் மெல்லிய காற்று வீசும் அந்த மலைநகரில் ஓடிய ஓட்டத்தை வெளியுலகில் யாரும் கவனிக்கவில்லை.

உரோம் நகரின் இரவு

1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் உரோம் நகரில் நடந்தன. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எத்தியோப்பியாவைக் கைப்பற்றிக் கொண்டாடிய அதே இத்தாலியின் தலைநகர். அங்கு அபேபே ஒரு பெயர் தெரியாத போட்டியாளராகவே போய் இறங்கினார்.

போட்டிக்குப் புதிய சப்பாத்துத் தேவைப்பட்டது. கிடைத்த சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தாமல் கொப்புளம் போட்டது. மாதக்கணக்கான பயிற்சி ஒரு சோடிச் சப்பாத்தினால் வீணாகிவிடும் நிலை. அபேபே பயிற்சிக் காலத்தில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர். ஆகவே நிஸ்கனனும் அவரும் ஆலோசித்து, தெரிந்த வழியையே தேர்ந்தார்கள். வெறுங்காலுடன் ஓடுவது என்பது அவருக்குப் புதுமையோ, பிறருக்குக் காட்டும் வீரமோ அல்ல. இருக்கும் நிலைமையில் எது நல்லதென்று நிதானமாக எடுத்த முடிவு அது.

செப்டெம்பர் 10ஆம் திகதி, மாலை வெயில் தணியும் நேரத்தில், கெப்பிட்டலைன் குன்றின் அடிவாரத்தில் ஓட்டம் ஆரம்பமாகியது. ஒலிம்பிக் மரதன் விளையாட்டரங்கில் தொடங்காமலும் அங்கே முடியாமலும் நடந்தது அதுவே முதல் தடவை. இருள் சூழ்ந்தபின் பழைமையான அப்பியன் வீதியின் இருமருங்கிலும் இத்தாலியப் படைவீரர்கள் தீப்பந்தங்களை ஏந்தி நின்றார்கள். அந்த வெளிச்சத்தில் கற்கள் பாவிய வீதியிலே 11ஆம் இலக்கத்தை அணிந்த வெறுங்கால்கள் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்தன.

மொரோக்கோ நாட்டின் ராழி பின் அப்துஸ்ஸலாம் வலிமை மிக்க போட்டியாளர் என்பதை அபேபே அறிந்திருந்தார். அவர் 26ஆம் இலக்கத்துடன் ஓடுவார் என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ராழி அணிந்திருந்தது 185ஆம் இலக்கம். எனவே தம் பக்கத்தில் ஓடிவருபவர்தான் தாம் தேடும் ராழி என்பதை அறியாமலேயே, 26ஆம் இலக்கக்காரர் இன்னும் முன்னால் எங்கோ இருக்கிறார் என்று எண்ணி அபேபே வேகத்தைக் குறைக்காமல் ஓடினார். இரண்டு ஆபிரிக்கர்களும் மற்ற எல்லோரையும் பின்னே விட்டு, நெடுந்தூரம் தோளோடு தோள் சேர்ந்து வந்தார்கள்.

ஓட்டம் முடியும் இடத்துக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஓர் உயர்ந்த கற்றூண் நின்றது. 24 மீற்றர் உயரமான அந்தத் தூண் எத்தியோப்பியாவின் தொன்மை நகரான அக்சுமுக்கு உரியது. 1937இல் இத்தாலியர் அதனைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து உரோமில் நிறுத்தியிருந்தார்கள். போட்டிக்கு முன்னர் பாதையைப் பார்வையிட்ட நிஸ்கனனும் அபேபேயும் கடைசி முயற்சிக்கு அந்த இடத்தையே அடையாளமாகக் குறித்து வைத்திருந்தார்கள். தன் நாட்டிலிருந்து பறிக்கப்பட்ட அந்தத் தூணைக் கடந்து சென்ற படைவீரர், இறுதித் தூரத்தில் ராழியை முந்தினார்.

கொன்ஸ்டன்டைன் வளைவின் கீழ் அவர் ஓட்டத்தை முடித்தபோது நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கன். அது உலகின் மிகச் சிறந்த நேரம். ராழி 25 செக்கன் பின்னால் வந்தார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் என்ற பெருமை அபேபேக்குக் கிடைத்தது. மற்றவர்கள் களைத்து விழுந்த இடத்தில் அவர் குனிந்து கால்விரல்களைத் தொட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியிருக்க முடியும் என்று பின்னர் தெரிவித்தார்.

புகழும் தோல்வியும்

நாடு திரும்பியவரைத் தலைநகரமே திரண்டு வரவேற்றது. பேரரசர் விருதும் பதவி உயர்வும் வழங்கினார். ஆனால் மூன்று மாதங்களுக்குள், அதே ஆண்டு டிசம்பரில், மெய்காவல் படையின் தளபதி தலைமையில் ஆட்சியைக் கவிழ்க்கும் முயற்சி ஒன்று நடந்து தோல்வி கண்டது. படையினர் பலர் கொல்லப்பட்டனர், பலர் சிறைப்பட்டனர். அம்முயற்சியில் நேரடித் தொடர்பில்லாத அபேபேயும் சில காலம் தடுத்து வைத்து விசாரிக்கப்பட்டார். செப்டெம்பரில் தோளில் தூக்கப்பட்டவர் டிசம்பரில் சந்தேகத்துக்கு உள்ளானார்.

அந்த நெருக்கடியிலிருந்து மீண்டு 1961இல் கிரேக்கம், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்று நாடுகளில் மரதன் ஓடி மூன்றிலும் வென்றார். தோல்வி என்ற சொல்லையே அவர் மறந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றும். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் அதனை நினைவூட்டியது.

பொஸ்டன் மரதனில் அபேபேயும் அவரது நாட்டவரான மாமோ வொல்டேயும் ஆரம்பத்திலிருந்தே சாதனை வேகத்தில் முன்னணியில் ஓடினார்கள். ஏறத்தாழ 29 கிலோமீற்றர் வரை யாரும் அவர்களை நெருங்கவில்லை. அதன்பின் குளிர்காற்று எதிரே வீசியது; மேடுகள் அடுத்தடுத்து வந்தன. கால்கள் இறுகின. பெல்ஜிய வீரர் ஒருவர் முதலிடம் பெற, அபேபே ஐந்தாவதாக 2 மணி 24 நிமிடம் 43 செக்கனில் வந்து சேர்ந்தார். ஒலிம்பிக் வீரர் ஐந்தாவது இடம் என்பது அன்றைய செய்தி.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதலிடம் போய்விட்டது என்று தெரிந்த பின்னும் அவர் வீதியோரம் ஒதுங்கவில்லை. குளிரில் இறுகிய கால்களோடு எஞ்சிய தூரத்தையும் ஓடியே முடித்தார். அவர் முழுமையாக ஓடிமுடித்த சர்வதேச மரதன்களில் வெற்றி பெறாதது அது ஒன்றே. தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டு வரை வேறெந்த மரதனிலும் போட்டியிடாமல் பயிற்சியிலேயே கழித்தார்.

டோக்கியோவுக்குப் போன வழி

1964 ஒலிம்பிக் டோக்கியோவில் நடக்கவிருந்தது. ஆசியாவில் நடந்த முதலாவது ஒலிம்பிக் அதுவே. மரதனில் ஒருவர் இரண்டு தடவை தங்கம் பெற்ற வரலாறு அதுவரை இல்லை. அபேபே உள்நாட்டுத் தேர்வு ஓட்டத்தில் மாமோவைச் செக்கனில் ஒரு பகுதியால் வென்று தெரிவாகியிருந்தார். உடல் நல்ல நிலையில் இருந்தது. மனமும் தயாராக இருந்தது.

போட்டிக்கு ஆறு வாரங்கள்கூட இல்லாத நிலையில், செப்டெம்பர் மாதம் பயிற்சி ஓட்டத்தின் நடுவே வயிற்றில் கடும் வலி எடுத்தது. குடல்வளரி அழற்சி என்று வைத்தியர்கள் கண்டறிந்து உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். வயிற்றுத் தசையை வெட்டித் தைத்த ஒருவர் நிமிர்ந்து நடக்கவே நாட்கள் பிடிக்கும் காலம் அது. நான்கு ஆண்டு உழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் நழுவிக்கொண்டிருந்தது.

இப்படியான வேளையில் மனிதர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வதுண்டு. எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடுவது ஒன்று. ஆறாத புண்ணோடு அவசரப்பட்டு ஓடி உள்ளதையும் கெடுத்துக்கொள்வது மற்றொன்று. அபேபே இரண்டையும் செய்யவில்லை. முதலில் நடை, பின்னர் மெதுவோட்டம், அதன்பின் ஓட்டம் என்று படிப்படியாகத் திரும்பினார். டோக்கியோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு.

ஒக்டோபர் 21ஆம் திகதி ஓட்டம் நடந்தது. இம்முறை சப்பாத்து அணிந்திருந்தார். அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் ஆரம்பத்தில் மிகுந்த வேகத்தில் ஓட்டத்தை இழுத்துச் சென்றார். அபேபே தன் அளவை விட்டு விலகாமல் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ பாதித் தூரத்தில் முன்னணி அவருக்கு வந்தது. அதன்பின் கடைசிவரை தனியாகவே ஓடினார். அரங்கினுள் அவர் நுழைந்தபோது கூடியிருந்த பல்லாயிரக்கணக்கானோர் எழுந்து ஆரவாரித்தனர். நேரம் 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கன், மீண்டும் உலகின் மிகச் சிறந்த நேரம். இரண்டாவதாக வந்த பிரித்தானியாவின் பேசில் ஹீட்லி நான்கு நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். அந்த நான்கு நிமிட இடைவெளியில் அபேபே மைதானப் புல்லில் உடற்பயிற்சி செய்து முடித்துவிட்டார். ஒலிம்பிக் மரதனை அடுத்தடுத்து இரண்டு தடவை வென்ற முதல் மனிதரானார்.

பாதியில் நின்ற ஓட்டம்

அதன்பின் 1965இல் ஜப்பானிலும் 1966இல் தென்கொரியாவிலும் வென்றார். ஆனால் கால்கள் வயதை உணரத் தொடங்கியிருந்தன. 1967 ஜூலையில் ஸ்பெயினில் நடந்த மரதனில் பின்தொடைத் தசையில் காயம் ஏற்பட்டு, ஓட்டத்தை முடிக்காமலே விலகினார். அந்தக் காயம் முழுமையாக ஆறவேயில்லை.

1968 ஒக்டோபரில் மெக்சிக்கோ ஒலிம்பிக். மெக்சிக்கோ நகரமும் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலான உயரத்தில் இருப்பது எத்தியோப்பியருக்குச் சாதகமானது. மூன்றாவது தங்கம் பற்றி உலகம் பேசியது. ஆனால் போட்டிக்கு ஒரு வாரத்துக்கு முன்னர் இடது காலில் வலி கண்டது. பரிசோதித்தபோது எலும்பில் வெடிப்பு இருப்பது தெரியவந்தது. போட்டி நாள்வரை காலுக்கு ஓய்வு கொடுத்துப் பின்னர் ஆரம்பக் கோட்டில் வந்து நின்றார். ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஓடிய பின் அதற்குமேல் முடியாமல் விலகினார்.

அன்று அந்த ஓட்டத்தை வென்றவர் மாமோ வொல்டே. பொஸ்டனில் அபேபேயோடு சேர்ந்து ஓடித் தோற்றவர்; ஆண்டுக்கணக்கில் அவரோடு பயிற்சி செய்தவர்; எப்போதும் இரண்டாவதாகவே பேசப்பட்டவர். 36 வயதில் அவர் 2 மணி 20 நிமிடம் 26 செக்கனில் தங்கம் பெற்றார். தொடர்ந்து மூன்றாவது தடவையாக மரதன் தங்கம் எத்தியோப்பியாவுக்கே போனது. ஒருவரின் தோல்வி நாளிலேயே இன்னொருவரின் நீண்ட பொறுமைக்குப் பலன் கிடைத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் ஒரு புதிய தொடக்கம்

1969 மார்ச் 22ஆம் திகதி இரவு அபேபே தன் வொக்ஸ்வாகன் காரை ஓட்டிச் செல்கையில் அது கட்டுப்பாட்டை இழந்து புரண்டது. உள்ளே அகப்பட்டுக்கொண்ட அவர் மறுநாள் காலையில்தான் மீட்கப்பட்டார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருந்தது. ஒரு வாரத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆரம்பத்தில் கைகளைக்கூட அசைக்க முடியவில்லை. மாதக்கணக்கான சிகிச்சையால் கைகளில் பலம் திரும்பியது. கால்களில் திரும்பவில்லை. உலகின் மிகச் சிறந்த கால்கள் என்று போற்றப்பட்டவை இனி ஓர் அடியும் எடுத்து வைக்கா என்ற உண்மை 36 வயதில் அவர் முன் வந்து நின்றது.

ஸ்டோக் மண்டவில் சாதாரண வைத்தியசாலை அல்ல. லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு விளையாட்டும் ஒரு மருந்து என்று கண்டு, 1948இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கான அம்பெய்தல் போட்டியை அங்கே நடத்தினார். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் விதை அதுதான். எட்டு மாதங்கள் அங்கே தங்கியிருந்த அபேபே அந்த விதையின் நிழலில் தன்னையும் மீட்டெடுத்தார்.

1970இல் ஸ்டோக் மண்டவில் விளையாட்டுப் போட்டிகளில் அம்பெய்தலிலும் மேசைப்பந்திலும் கலந்துகொண்டார். அங்கே அவர் ஒலிம்பிக் வீரர் அல்லர். புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவர். 1971இல் நோர்வே நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளுக்கு அழைக்கப்பட்டார். பனியில் சறுக்கும் வண்டியில் 25 கிலோமீற்றர் செல்லும் போட்டி ஒன்று அதில் இருந்தது. அதில் அபேபே முதலிடம் பெற்றார். கால்களால் நெடுந்தூரம் ஓடியவர், கால்கள் இல்லாத நிலையிலும் நெடுந்தூரப் போட்டியையே வென்றார்.

அவர் இறைநம்பிக்கை மிக்கவர். ஒலிம்பிக் வெற்றியும் இறைவனின் நாட்டம், விபத்தும் இறைவனின் நாட்டம் என்றும், அதனை ஏற்றதுபோல் இதனையும் ஏற்க வேண்டும் என்றும் அவர் தம் நிலையை விளங்கிக்கொண்டிருந்தார். ஆனால் ஏற்றுக்கொண்டதோடு கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. வில்லைக் கையில் எடுத்தார்.

இறுதி நாட்கள்

1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டபோது, சக்கர நாற்காலியில் வந்த அவரைக் கண்டு அரங்கம் எழுந்து நின்றது. அவ்வாண்டு மரதனை வென்ற அமெரிக்கர் ஃபிராங்க் ஷோர்ட்டர், பதக்கம் பெற்ற பின் அபேபேயிடம் சென்று கைகுலுக்கினார்.

1973 ஒக்டோபர் 25ஆம் திகதி மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அபேபே காலமானார். வயது 41. விபத்தின் பின்விளைவே அது. அடிஸ் அபாபாவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரக்கணக்கான மக்களோடு பேரரசரும் கலந்துகொண்டார். நாடு முழுவதும் துக்கதினம் அனுட்டிக்கப்பட்டது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் அவரது குடும்பம். 16 மரதன்களில் ஓடி 12இல் வென்றவர் அவர்.

உரோமில் நின்ற அக்சும் தூண் 2005இல் எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 2008இல் அதன் சொந்த மண்ணில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அபேபேயின் வெற்றிக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த 2010இல், உரோம் மரதனில் முன்னணியில் வந்த எத்தியோப்பிய வீரர் சிராஜ் கெனா, கடைசிச் சில நூறு மீற்றரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓடி வென்றார்.

நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய இன்னொரு பெயரும் உண்டு. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதனை எத்தியோப்பியாவின் பாத்துமா ரோபா 2 மணி 26 நிமிடம் 5 செக்கனில் வென்றார். ஒலிம்பிக் மரதனை வென்ற முதல் ஆபிரிக்கப் பெண் அவரே. அத்தோடு நிற்கவில்லை. 1997, 1998, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பொஸ்டன் மரதனை வென்றார். அபேபேயின் கால்கள் இறுகிய அதே மேடுகளை, அவரது நாட்டுப் பெண் ஒருவர் மூன்று தடவை வென்று கடந்தார்.

நமக்கு

தோழியரே, நம்மில் எல்லோரும் மரதன் ஓடப் போவதில்லை. ஆனால் சாதாரண தரம், உயர்தரம் என்று நீண்ட தூர ஓட்டங்கள் நமக்கும் உண்டு. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் நோயில் படுப்பவர்கள் உண்டு. எதிர்பார்த்த பெறுபேறு வராமல் அழுதவர்கள் உண்டு. வீட்டுச் சூழ்நிலையால் ஓட்டமே தடைப்பட்டவர்களும் உண்டு.

அபேபேயின் வாழ்க்கையில் ஊக்கம் என்பது எப்போதும் கொழுந்துவிட்டு எரிந்த நெருப்பு அல்ல. சப்பாத்துக் கடித்தபோது அது தெரிந்த வழியைத் தேர்ந்த நிதானமாக இருந்தது. பொஸ்டனில் ஐந்தாவதாக வந்தாலும் ஓடிமுடிக்கும் மரியாதையாக இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும் பொறுமையாக இருந்தது. மெக்சிக்கோவில் இனி முடியாது என்று நிறுத்தத் தெரிந்த அறிவாகவும் இருந்தது. கால்கள் போன பின்னர், இருக்கும் கைகளால் என்ன செய்யலாம் என்ற கேள்வியாக மாறியது.

எல்லா ஓட்டத்திலும் அவர் வெல்லவில்லை. எல்லா ஓட்டத்தையும் அவர் முடிக்கவும் இல்லை. ஆயினும் ஒரு வழி மூடியபோது அடுத்த வழி எது என்று தேடாமல் இருந்ததில்லை. அடுத்த தடவை நமது வீதியில் மரதன் ஓடி, பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்கும் ஒரு தோழிக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். ஓட முடியாவிட்டால் நடந்தாவது வா என்று கூடவே சேர்ந்து நடக்கவும் செய்யலாம்.